சிறுநீரகக் கட்டி அறுவையில் முப்பரிமாண மாதிரி: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 61 வயதுத் தமிழ்ப் பெண்மணி. உணவங்காடிக் கடையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் வசிப்பவர். அடையாளம் தெரியாதிருக்கும்பொருட்டு அவரைப் பற்றிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. நீரிழிவுக்காகப் பதினான்கு ஆண்டுகளாகப் பலதுறை மருந்தகத்துக்குச் சென்று வந்தவர். சிறுநீரில் புரதம் கூடிக்கொண்டே போனதால் எடுக்கப்பட்ட ஸ்கேனில் எதிர்பாராத இரண்டு செய்திகள் தெரியவந்தன. இளவயதில் கல் அடைத்துக் கவனிக்கப்படாமல் விடப்பட்ட வலச் சிறுநீரகம் சுருங்கிப் பெயரளவுக்கே இருந்தது. இடச் சிறுநீரகத்தின் நடுப்பகுதியில், இரத்தக் குழாய்கள் நுழையும் வாயிலை ஒட்டி, 4.6 செமீ அளவில் ஒரு கட்டி இருந்தது. ஊசி வழியாக எடுத்த திசுவைச் சோதித்ததில், அது கிளியர் செல் வகைச் சிறுநீரகப் புற்றுநோய் என்று உறுதியானது.

இந்த இடத்தில் இந்த அளவுக் கட்டி என்றால், மறுபக்கச் சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு முழுச் சிறுநீரகத்தையும் அகற்றிவிடலாம். இவருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து செய்யும் வேலையில் 88 விழுக்காட்டை இடச் சிறுநீரகமே செய்கிறது என்று நியூக்ளியர் ஸ்கேன் காட்டியது. அப்போது அவருடைய சிறுநீரகங்கள் இரத்தத்தை வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 54 மில்லிலிட்டர். இடச் சிறுநீரகம் போய்விட்டால் மிஞ்சுவது ஏழுக்கும் கீழே. அதாவது மறுவாரமே டயாலிசிஸ். கட்டியைச் சூட்டாலோ குளிராலோ கருக்கும் முறையும் பொருந்தவில்லை. பெரிய குழாய்களும் சிறுநீர் சேரும் கிண்ணங்களும் பக்கத்திலேயே இருந்ததால் அவை காயப்படும் அபாயம் இருந்தது. கட்டியின் அளவும் அம்முறைக்குப் பெரிது.

டயாலிசிஸ் என்பது இந்தக் குடும்பத்துக்குப் புதிய செய்தியன்று. நோயாளியின் அண்ணன் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் நிலையமொன்றில் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருந்து வருபவர். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்போரில் பெரும்பாலோருக்கு நீரிழிவே காரணம். நம் இந்தியச் சமூகத்தில் நீரிழிவு பரவலாக இருப்பதால், இயந்திரத்தை அண்டி வாழும் உறவினர் ஒருவரேனும் இல்லாத தமிழ்க் குடும்பத்தை என் பணியில் நான் அரிதாகவே பார்க்கிறேன். கட்டியை மட்டும் நீக்கி, எஞ்சிய சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியுமா என்பதே இந்த அறுவையின் முழுக் கேள்வியாக இருந்தது.

மூன்று தாள்கள், மூன்று வரைபடங்கள்

கட்டியின் சிக்கலை அளக்க, 2009-இல் அமெரிக்க மருத்துவர்கள் குட்டிகோவும் உஸ்ஸோவும் முன்வைத்த மதிப்பெண் முறையைப் பயன்படுத்துகிறோம். கட்டியின் அகலம், சிறுநீரகத்துக்குள் புதைந்திருக்கும் அளவு, சிறுநீர்க் கிண்ணங்களுக்கு எவ்வளவு அருகில் உள்ளது, நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்பவற்றுக்குப் புள்ளிகள் இடப்படும். நான்கு என்றால் எளிது. பன்னிரண்டு என்றால் மிகக் கடினம். இந்தக் கட்டிக்குப் பத்து. வாயிலை ஒட்டியிருப்பதைக் குறிக்கும் தனிக் குறியீடும் அதோடு சேர்ந்தது.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரு சிறுநீரகங்களுக்கும் செல்கிறது. அந்த ஓட்டத்தை நிறுத்தாமல் வெட்டினால் கண்முன்னே குருதியைத் தவிர எதுவும் தெரியாது. முதன்மைத் தமனியை அடைத்துவிட்டு வெட்டினாலோ, இரத்தம் இன்றி உடல் சூட்டிலேயே கிடக்கும் சிறுநீரகம் 25 முதல் 30 நிமிடங்களுக்குமேல் தாங்காது என்பது நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் எல்லை. இதற்கிடையில் ஒரு மூன்றாம் வழி உண்டு. சிறுநீரகத் தமனியின் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய பகுதிக்கு மட்டுமே இரத்தம் தருகிறது. பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் கிரேவ்ஸ் 1954-இல் இப்பகுதிகளை ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். கட்டிக்கு உணவூட்டும் கிளைகளை மட்டும் அடைத்தால் மற்ற பகுதிகள் சிவப்பாகவே இருக்கும். ஆனால் எந்தக் கிளை எங்கே போகிறது என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பல துறையினர் கூடிய கலந்தாய்வில் குழுவின் மூத்த அறுவை மருத்துவர் ஒரு காரியம் செய்தார். சிடி படங்களை எல்லோருக்கும் காட்டிவிட்டு, தமனிக் கிளைகளைத் தாளில் வரைந்து தரும்படி மூவரிடம் கேட்டார். முன்பக்கக் கிளைகள் மூன்று தாள்களிலும் ஒன்றுபோலவே இருந்தன. பின்பக்கக் கிளையை இருவர் கட்டிக்கு மேலாகவும் ஒருவர் கட்டிக்குக் கீழாகவும் வரைந்திருந்தார்கள். மூவரும் அனுபவசாலிகள், பார்த்த படங்களும் அவையே. தட்டையான நூற்றுக்கணக்கான துண்டுப் படங்களைப் பார்த்து ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் ஓர் உறுப்பைக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த மன உறுப்புகள் வேறுபடுகின்றன என்பது தாளில் வரைந்து பார்க்கும்வரை வெளியில் தெரிவதில்லை. இந்த நோயாளிக்கு, சிடி படங்களிலிருந்து அவருடைய சிறுநீரகத்தின் வடிவத்தையே உருவாக்கிக் காட்டும் முப்பரிமாண மாதிரி வேண்டும் என்ற முடிவுக்கு அந்த மூன்று தாள்களே காரணம். மாதிரி கேட்பதற்கு இதைவிடத் தெளிவான காரணத்தை நான் கண்டதில்லை.

மாதிரி உருவான விதம்

மாதிரி என்றால் இயந்திரம் தானே எடுக்கும் நிழற்படம் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்குதான் நான் சற்று நின்று விளக்க விரும்புகிறேன். இந்த நிகழ்வில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே நடந்தது.

சிடி ஸ்கேனில் சாய ஊசி போட்டபின் வெவ்வேறு நேரங்களில் படம் எடுக்கப்படுகிறது. அரை நிமிட அளவில் எடுப்பதில் தமனிகள் பளிச்சென்று தெரியும். ஒன்றரை நிமிடம் கடந்தபின் எடுப்பதில் கட்டிக்கும் நல்ல திசுவுக்கும் உள்ள எல்லை தெளியும். இன்னும் சில நிமிடங்கள் கழிந்தால் சாயம் சிறுநீரோடு இறங்கிக் கிண்ணங்களை நிரப்பும். ஆக, ஒரே மாதிரியில் நாம் பார்க்கும் தமனியும் கட்டியும் கிண்ணமும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு முறையும் நோயாளி மூச்சை அடக்குகிறார். ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அடக்குவதில்லை. மூச்சோடு சிறுநீரகம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாக ஏறி இறங்கக் கூடியது. இந்த மூன்று படத்தொகுதிகளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும்போது இரண்டு மில்லிமீட்டர் பிசகினால், கட்டியைத் தொட்டுச் செல்லும் தமனி கட்டிக்குள் நுழைவதாகத் தெரியும்; அல்லது நுழையும் தமனி விலகிச் செல்வதாகத் தெரியும்.

அடுத்தது எல்லை வரைதல். சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. சிடி ஸ்கேனை உருவாக்கி 1979-இல் நோபெல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அந்த அளவில் நீர் சுழியம், காற்று கழித்தல் ஆயிரம். இன்ன எண்ணுக்கு மேல் இருப்பதெல்லாம் தமனி என்று மென்பொருளுக்குச் சொன்னால் அது பெரும்பகுதியைத் தானே பிரித்துவிடும். சிக்கல் மெல்லிய குழாய்களில் வருகிறது. இரண்டு மில்லிமீட்டர் அகலக் குழாயின் ஓரப் புள்ளிகளில் இரத்தமும் சுற்றிலுமுள்ள கொழுப்பும் கலந்து சராசரியாகிவிடுவதால், எண் வரம்புக்குக் கீழே இறங்கிக் குழாய் அறுந்து காணாமல் போகும். உயிர்மருத்துவப் பொறியாளர் தயாரித்த முதல் வடிவம் அப்படித்தான் அமைந்தது. அதை மூலப் படங்களோடு ஒவ்வொரு துண்டாக ஒப்பிட்ட ஊடுகதிர் மருத்துவர், சிறுநீரகத்தின் கீழ்முனைக்கு மகாதமனியிலிருந்து நேராகச் செல்லும் ஒரு மெல்லிய தனித் தமனி மாதிரியில் இல்லை என்று கண்டார். ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தகைய கூடுதல் தமனி இருப்பதுண்டு; அதனால் அவர் அதைத் தேடியே பார்த்தார். அது கையால் வரைந்து சேர்க்கப்பட்டது.

கட்டியின் உட்புற விளிம்பு இன்னும் கடினமாக இருந்தது. சிறுநீரகத்தின் நடுக்குழியிலுள்ள கொழுப்பை நோக்கி அது முட்டிக்கொண்டிருந்த இடத்தில், எல்லை ஒரு கோடாக இல்லாமல் இரண்டு மில்லிமீட்டர் அகலச் சாம்பல் பட்டையாக இருந்தது. அந்தப் பட்டையில் கோட்டை எங்கே போடுவது என்பது மருத்துவத் தீர்ப்பு. அங்கே வழவழப்பான ஒரு பரப்பைப் போட்டு மூடியிருந்தால் மாதிரி அழகாக இருந்திருக்கும். பார்ப்பவருக்கு அங்கே ஐயம் இருப்பதே தெரிந்திராது. அந்தப் பகுதிக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்து, ‘எல்லை உறுதியில்லை’ என்று குறிக்கும்படி ஊடுகதிர் மருத்துவர் வற்புறுத்தினார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது என்று நான் மதிப்பது அதையே.

பின்னர் அந்த வடிவம் முப்பரிமாண அச்சுக்கான எஸ்டிஎல் கோப்பாகி, அச்சு இயந்திரத்துக்குச் சென்றது. திரவப் பிசினைத் துளித்துளியாகத் தெளித்து, ஒளியால் இறுகவைத்து, அடுக்கடுக்காக வளர்க்கும் முறையில், உண்மை அளவிலேயே அது அச்சானது. சிறுநீரகம் கண்ணாடிபோல் தெளிவாகவும், தமனி சிவப்பாகவும், சிரை நீலமாகவும், சிறுநீர்க் கிண்ணங்கள் மஞ்சளாகவும், கட்டி அடர்ந்த பழுப்பாகவும், அதன் ஐயப் பகுதி வெள்ளையாகவும் இருந்தன. அதே வடிவம் அறுவைக்கூடத் திரையில் சுழற்றிப் பார்க்கும் கோப்பாகவும் வைக்கப்பட்டது. அறுவைத் திட்டத்துக்கு மட்டும் என்றால் திரை வடிவமே போதுமானதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. 2019-இல் அமெரிக்காவில் 92 நோயாளிகளிடம் நடந்த, சீட்டுக் குலுக்கல்போல் குழு பிரித்த ஆய்வில் பயன்பட்டதும் திரையில் காணும் மாதிரியே. மாதிரியைப் பார்த்துத் திட்டமிட்ட குழுவில் அறுவை நேரம், தமனியை அடைத்திருந்த நேரம், இரத்த இழப்பு, மருத்துவமனையில் தங்கிய காலம் ஆகியவை குறைந்திருந்தன. அச்சிட்ட மாதிரி வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது.

நோயாளியின் கையில்

இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். சிறுநீரகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முடிவெடுக்கும் அளவுக்கு வராது. முதல் இரண்டு சந்திப்புகளில் மகன் மொழிபெயர்த்தார். அம்மா பயந்துவிடக் கூடாது என்ற அன்பினால், ‘சிறிய அறுவை, எல்லாம் சரியாகிவிடும்’ என்ற அளவில் அவர் சுருக்கிக்கொண்டிருந்தார். இது நம் வீடுகளில் வழக்கம். குறைகூற நான் இதை எழுதவில்லை. ஆனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் அம்மா.

மூன்றாம் சந்திப்பில், தமிழ் பேசும் தாதியும் உடனிருக்க, மாதிரி நேராக அவர் கையில் கொடுக்கப்பட்டது. சற்று நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மகனைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தே கேட்டார்: “இந்தச் சிவப்புக் குழாயைக் கட்டிப் போட்டுட்டு வெட்டுவீங்கன்னா, இதுக்குக் கீழ இருக்கிற பாகம் என்ன ஆகும் டாக்டர்?” அறுவைத் திட்டத்தின் மையக் கேள்வியும் அதுவே. எந்தக் கிளையை எவ்வளவு நேரம் அடைப்போம், அடைத்த பகுதி ஓரளவு செயலிழக்கக் கூடும் என்று விளக்கினோம். வெள்ளைப் பகுதி என்ன என்று கேட்டார். அங்கே கட்டி எதுவரை போயிருக்கிறது என்று படத்தில் உறுதியாகத் தெரியவில்லை என்று சொன்னோம். “அப்ப உள்ள போய்ப் பார்த்துட்டு முழுசா எடுக்கணும்னு தோணுச்சுன்னா?” என்றார். அந்த நிலை வந்தால் என்ன செய்யலாம் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும் என்றோம்.

மகன் குறுக்கிட்டு, “அம்மா, அதெல்லாம் டாக்டருங்க பார்த்துப்பாங்க” என்றார். “இருப்பா. அண்ணன் படற பாடு எனக்குத் தெரியும். டயாலிசிஸ் ஆனாலும் பரவாயில்ல, கட்டிய மிச்சம் வெச்சுட்டு மூடாதீங்கன்னு நான் சொல்லணும்ல” என்றார் அம்மா. முழு அகற்றலுக்கான நிபந்தனையோடு ஒப்புதல் எழுதப்பட்டது. அதற்கு முந்தைய சந்திப்புகளில் அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பதைக் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறோம்.

அறுவை நாள்

ரோபோ கருவியின் உதவியோடு, நோயாளியை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, சிறு துளைகள் வழியாக அறுவை செய்யப்பட்டது. சிடி எடுத்தபோது அவர் மல்லாந்து படுத்திருந்தார். அறுவையின்போது பக்கவாட்டில் படுத்திருக்க, வயிற்றுக்குள் வாயுவும் நிரப்பப்பட்டிருந்தது. ஆகவே திரை மாதிரியைத் திருப்பி உண்மைக் காட்சியோடு பொருத்திக்கொள்வதற்கென்றே ஒருவர் அமர்த்தப்பட்டார்.

கீழ்முனைத் தமனி, மாதிரி காட்டிய இடத்திலேயே இருந்தது. அது இருப்பதை அறியாமல் அந்தப் பகுதிக் கொழுப்பை விலக்கியிருந்தால், அறுபடும் வாய்ப்பு மிகுதி. அறுபட்டால் கீழ்முனை முழுவதும் இறந்திருக்கும். பின்பக்கக் கிளையும் மாதிரி காட்டியபடியே கட்டிக்குக் கீழாகச் சென்றது. மூன்று தாள்களில் தனித்து நின்றதே சரியாக இருந்தது.

மாதிரி எச்சரிக்காத தடை வேறிடத்தில் வந்தது. சிறுநீரகத்தைச் சூழ்ந்த கொழுப்பு அதன் மேலுறையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. உரிக்க உரிக்க மேலுறையும் கிழிந்துவரப் பார்த்தது. அதை விலக்கவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவானது. மூலச் சிடி படங்களில் அந்தக் கொழுப்பில் கோடுகோடாக இழைகள் ஓடியிருந்தன. அத்தகைய ஒட்டுதலுக்கு அது அறியப்பட்ட அறிகுறி. மாதிரியில் கொழுப்பே இல்லை. குழாய்களும் கட்டியும் தெளிவாகத் தெரியவேண்டும் என்று எல்லா மாதிரிகளிலும் முதலில் நீக்கப்படுவது அதுதான்.

இரண்டு முன்பக்கக் கிளைகளை அடைத்தபின் பச்சைச் சாயம் செலுத்தப்பட்டது. இரத்தம் ஓடும் திசு அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும்; அடைபட்ட பகுதி இருண்டிருக்கும். கட்டியும் சுற்றுப்புறமும் இருண்டன. ஆனால் பின்விளிம்பில் ஒரு கீற்று மட்டும் ஒளிர்ந்தபடியே இருந்தது. பின்பக்கக் கிளை கட்டியைத் தொடாமல் செல்வதாக மாதிரி காட்டியிருந்தது, அது தவறன்று. அந்தக் கிளையிலிருந்து கட்டிக்குள் செல்லும் நுண்குழாய்கள் சிடி படத்தில் தெரியாத அளவுக்கு மெல்லியவை, அவ்வளவே. பின்பக்கக் கிளையும் அடைக்கப்பட்டது. கிளைகள் அடைபட்டிருந்த நேரம் 22 நிமிடங்கள்; முதன்மைத் தமனியும் கீழ்முனைத் தமனியும் ஒரு நொடிகூட அடைக்கப்படவில்லை. கட்டியை எடுக்கையில் ஒரு கிண்ணம், எதிர்பார்த்திருந்த இடத்திலேயே, திறந்துகொண்டது, உடனே தைக்கப்பட்டது. இரத்த இழப்பு 250 மில்லிலிட்டர் அளவில் இருந்தது.

நோய்க்கூற்று ஆய்வில் வெட்டு விளிம்புகளில் புற்றணுக்கள் இல்லை. ஆனால் நல்ல திசுவின் விளிம்பு மிகக் குறுகி ஒரு மில்லிமீட்டராக இருந்த இடம், மாதிரியில் வெள்ளை நிறமிட்ட அதே பகுதி. அங்கே ஐயம் உண்டு என்பது தெரிந்திருந்ததால்தான் கருவி அந்த இடத்தில் கட்டியைவிட்டுச் சற்று விலகி, நடுக்குழிக் கொழுப்போடு சேர்த்து வெட்டியது. வழவழப்பான பரப்பை நம்பி வெட்டியிருந்தால் விளிம்பு தப்பியிருக்குமா என்று எனக்கு ஐயமே.

நோயாளி நான்காம் நாள் வீடு திரும்பினார். வடிகட்டும் திறன் மூன்றாம் நாள் 38 வரை இறங்கி, மூன்று மாதங்களில் 46-இல் நிலைத்தது.

சிங்கப்பூருக்குப் புதிதல்லாத பாடம்

உறுப்பின் தனிப்பட்ட வடிவத்தை முப்பரிமாணத்தில் பார்த்து அறுவையைத் திட்டமிடுவதில் சிங்கப்பூருக்கு நெடிய வரலாறு உண்டு. 2001 ஏப்ரலில், தலை ஒட்டிப் பிறந்த நேபாளத்துப் பெண் குழந்தைகளைச் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் ஏறத்தாழ 97 மணி நேர அறுவையில் பிரித்தபோது, இங்குள்ள கென்ட் ரிட்ஜ் டிஜிட்டல் ஆய்வகத்தில் உருவான டெக்ஸ்ட்ரோஸ்கோப் என்னும் மெய்நிகர் கருவியில் அறுவை மருத்துவர்கள் முன்னரே குழந்தைகளின் இரத்தக் குழாய்களைக் கையால் எட்டிப் பிடிப்பதுபோல் ஆராய்ந்திருந்தார்கள். இரு குழந்தைகளும் அறுவையில் உயிர்தப்பினர்.

2003 ஜூலையில், 29 வயது ஈரானியச் சகோதரிகள் லாடன், லாலே இருவரையும் ராஃபிள்ஸ் மருத்துவமனையில் பிரிக்க முயன்றபோதும் முப்பரிமாணப் படங்கள் இருந்தன. அவர்களுக்குப் பொதுவாயிருந்த பெரிய சிரை முன்பே தெரிந்திருந்தது. ஆனால் இருபத்தொன்பது ஆண்டுகளாக அடுத்தடுத்து இருந்த இரு மூளைகளும் எவ்வளவு இறுக ஒட்டியிருந்தன என்பதும், மூளைக்குள் அழுத்தமும் இரத்த ஓட்டமும் அறுவையின் நடுவில் எப்படி மாறும் என்பதும் மண்டையைத் திறந்தபின்னரே தெரிந்தன. இருவரும் இறந்தனர். அந்தச் செய்தி இந்த ஊரை உலுக்கியது; அந்த நாள்களில் இங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த அறுவைகளின் பேரளவோடு எங்கள் நிகழ்வு ஒப்பிடத்தக்கதன்று. எனினும் மாதிரியின் எல்லை அதே இடத்தில்தான் விழுகிறது. வடிவத்தை அது சொல்லும். ஒட்டுதலையும் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் சொல்லாது. எங்கள் நோயாளியிடம் மாதிரி தவறிய இரண்டு இடங்களுமே, ஒட்டிய கொழுப்பும் ஒளிர்ந்த கீற்றும், இந்த வகையைச் சேர்ந்தவை.

நடைமுறையில் வந்த மாற்றம்

இப்போது எங்கள் குழுவில் மாதிரியோடு ஒரு பக்கத் தாளும் சேர்ந்தே வருகிறது. எந்த நேரப் படங்களிலிருந்து எந்தப் பகுதி வரையப்பட்டது, யார் வரைந்தார், மூலப் படங்களோடு ஒப்பிட்ட ஊடுகதிர் மருத்துவர் யார், கையால் சேர்த்தவை எவை, நீக்கியவை எவை என்று அதில் இருக்கும். கொழுப்பின் நிலை பற்றித் தனி வரி உண்டு. அறுவைக்கு முன் மாதிரியைப் பார்க்கும் எவரும் மூலச் சிடி படங்களையும் பார்த்தாக வேண்டும். மாதிரி வந்துவிட்டதால் படங்களைப் புரட்டுவதை இளம் மருத்துவர்கள் விட்டுவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

எல்லா நோயாளிக்கும் மாதிரி கேட்பதில்லை. சிறுநீரகத்தின் வெளிப்புறத்தில் புடைத்து நிற்கும் இரண்டு சென்டிமீட்டர்க் கட்டிக்குச் சிடி படமே போதும். ஊடுகதிர் மருத்துவர் ஒரு மாதிரியைத் துண்டு துண்டாகச் சரிபார்க்கப் பல மணி நேரம் ஆகிறது. சரிபார்க்க நேரமில்லை என்றால் அச்சிடாமலே இருப்பது மேல். அந்த நேரம், ஒரே சிறுநீரகத்தை நம்பி வாழ்பவர்களுக்கும், கலந்தாய்வில் அறுவை மருத்துவர்களின் வரைபடங்கள் ஒத்துப்போகாத நோயாளிகளுக்கும் முதலில் ஒதுக்கப்படுகிறது.